47 பீப்பாய் கோழி: முதலில் அழிப்பு, அப்புறம் விசாரணை – 1908 தீர்ப்பு சரிதானா?

பழம்பேரேடு எழுதியது:

உணவுக் கலப்படச் சட்டங்களின் பழைய வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வழக்கு தூங்க விடவில்லை. அதனால் இந்த இழை.

1906 அக்டோபர் தொடக்கம். சிகாகோ நகரச் சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் நார்த் அமெரிக்கன் கோல்டு ஸ்டோரேஜ் என்ற குளிர்கிடங்குக்குப் போகிறார்கள். அங்கே ஒரு மொத்த வியாபாரி 47 பீப்பாய் கோழி இறைச்சியைப் போட்டு வைத்திருந்தார். கெட்டுவிட்டது, கொடுங்கள், அழிக்கப் போகிறோம் என்றார்கள். கிடங்குக்காரர் மறுத்துவிட்டார். சரக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அப்படியே சந்தேகம் இருந்தாலும் உறைநிலையில் உள்ள பொருள் ஓடிப்போகப் போவதில்லை, முதலில் விசாரியுங்கள் என்பது அவர் பக்கம். நகராட்சி என்ன செய்தது தெரியுமா? கிடங்குக்குள் எதுவும் போகக்கூடாது, வெளியே எதுவும் வரக்கூடாது, மீறிக் கொண்டுவருபவரைக் கைது செய்வோம் என்றது. 47 பீப்பாய்க்காக மொத்தக் கிடங்கும் முடங்கியது.

நகராட்சியின் 1905ஆம் ஆண்டு விதித் தொகுப்பு ஆய்வாளருக்குக் கொடுத்த அதிகாரம் நேரடியானது. கிடங்கோ கடையோ, உள்ளே போகலாம். அழுகிய, நஞ்சேறிய, நோய் தொற்றிய உணவைக் கண்டால் அங்கேயே கைப்பற்றி அழிக்கலாம். நீதிபதி, நோட்டீஸ், வாய்தா எதுவும் வேண்டாம். இது சட்டப்படியான விசாரணை இல்லாமல் சொத்தைப் பறிப்பது, அரசியல் சாசனத்தின் 14ஆவது திருத்தத்துக்கு விரோதம் என்று நிறுவனம் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1908 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நகராட்சி ஜெயித்தது.

தீர்ப்பின் சாரம்: கெட்ட உணவு தன்னளவிலேயே பொதுத்தொல்லை. அதை முன்விசாரணை இல்லாமல் அழிக்கலாம். உடைமைக்காரருக்கு விசாரணை உண்டு, ஆனால் பிற்பாடு. சரக்கு நல்லதாக இருந்தது என்று அவர் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு வாங்கிக்கொள்ளலாம்.

அழித்த கோழியை வைத்து அது நல்ல கோழிதான் என்று எப்படி ஐயா நிரூபிப்பது? இதுதான் என் கேள்வி.

ஐஸ்பெட்டி எழுதியது:

நிரூபிக்க முடியாது. முடிந்தது கதை.

நான் தூத்துக்குடிப் பக்கம் மீன் வியாபாரம். எங்கள் மார்க்கெட்டில் அதிகாரிகள் வருவார்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், மூக்கைச் சுளிப்பார்கள், பினாயிலை ஊற்றுவார்கள். பக்கத்தில் கேமரா இருக்கும். ஊற்றிய பிறகு சூரை என்ன, வஞ்சிரம் என்ன, எல்லாம் குப்பைதான். பாதிப் பெட்டி நல்ல மீன் இருந்தாலும் பிரித்துப் பார்க்கப் பொறுமை இருக்காது. கேட்டால் மேலே எழுதிப் போடு என்பார்கள். கடன் வாங்கி ஏலம் எடுத்தவன் எழுதிப் போட்டுக்கொண்டு திரிவானா, அடுத்த நாள் படகுக்குப் போவானா?

கெட்ட மீன் விற்கிறவர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள். எனக்கே தெரியும் யார் யார் என்று. ஆனால் அமெரிக்காவிலேயே நூறு வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் என்றால் நாங்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது.

வாதிபிரதிவாதி எழுதியது:

தொடங்கியவர் சுருக்கம் சரி. சில விவரங்களைச் சேர்க்கிறேன், வழக்கின் சுவை அதில்தான்.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பெக்காம். மூன்று வருடம் முன்பு, 1905இல், பேக்கரித் தொழிலாளர் வேலைநேரத்துக்கு வரம்பு போட்ட நியூயார்க் சட்டத்தை லாக்னர் வழக்கில் செல்லாது என்று எழுதியவரும் அவரேதான். முதலாளி, தொழிலாளி ஒப்பந்தத்தில் அரசு கைவைக்கக் கூடாது என்பதில் அவ்வளவு உறுதியாக இருந்த மனிதர், ஒரு வியாபாரியின் சரக்கை அரசு கேட்காமல் கொள்ளாமல் அழிக்கலாம் என்கிறார். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. அழுகிய இறைச்சியை அவர் சொத்தாகவே பார்க்கவில்லை. சட்டம் காப்பாற்ற வேண்டிய சொத்து என்ற வட்டத்துக்கு வெளியே தூக்கி வைத்துவிட்டார்.

அவர் கையில் முன்னுதாரணமும் இருந்தது. 1894இல் நியூயார்க்கில் சட்டத்துக்கு மாறாக விரித்த மீன்வலைகளை அதிகாரிகள் அழித்த வழக்கு, லாட்டன் எதிர் ஸ்டீல். அப்போது வலைகளின் மதிப்பு சொற்பம் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கோழி வழக்கில் மதிப்புக் கணக்கு முக்கியமில்லை என்று தாண்டிப் போய்விட்டார்கள்.

அடுத்து, பலரும் கவனிக்காத பகுதி. ஆய்வாளர் தன்னிச்சையாக ‘இது கெட்டது’ என்று சொன்ன முடிவு உடைமைக்காரரை எந்த விதத்திலும் கட்டுப்படுத்தாது. பின்னால் நடக்கும் வழக்கில் அந்தக் கேள்வி புதிதாகவே விசாரிக்கப்படும். சரக்கு நல்லதாக இருந்திருந்தால் அழித்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதாவது ஆய்வாளர் தன் சொந்தப் பொறுப்பில் அழிக்கிறார். காகிதத்திலாவது இது பெரிய கடிவாளம்.

நீதிபதி புரூவர் மட்டும் மாறுபட்டார். காரணம் எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நமக்கு இன்று நிறைய தீனி கிடைத்திருக்கும்.

குறுக்குச்சால் எழுதியது:

எல்லாரும் வியாபாரி பக்கமே பேசுகிறீர்கள். அந்தக் கோழியைத் தின்னப் போகிறவன் எங்கே?

விசாரணை முடியும்வரை சரக்கு கிடங்கிலேயே இருக்கட்டும் என்கிறீர்கள். யார் காவல்? இரவில் 47 பீப்பாயும் வேறு ஊருக்கு ரயில் ஏறினால்? தீர்ப்பே இதைத் தொட்டிருக்கிறது. விற்கத் தூண்டும் ஆசை எப்போதும் இருக்கும் என்று. 1906இல் அந்த ஊர் இறைச்சிக் கூடங்களின் லட்சணம் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. அதே வருடம் ஜூன் 30 அன்றுதான் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தூய உணவு, மருந்துச் சட்டத்திலும் இறைச்சி ஆய்வுச் சட்டத்திலும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார். ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். அந்த நிலையில் ‘வாய்தா வாங்கிக்கொண்டு வருகிறேன்’ என்று ஆய்வாளர் திரும்பிப் போக வேண்டுமா?

ஐஸ்பெட்டி அண்ணனுக்கு: உங்கள் நஷ்டம் புரிகிறது. ஆனால் தவறாக அழித்தால் நஷ்டம் பணம். தவறாக விட்டால் ஆள் போய்விடும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஐஸ்பெட்டி எழுதியது:

தம்பி, ஆள் போகக்கூடாது என்பதில் எனக்கும் சம்மதம். என் பிள்ளைகளும் அதே மீனைத்தான் தின்கின்றன. ஆனால் அது உறைந்த கோழி. ஐஸில் கிடக்கிறது. நான்கு நாள் கழித்து அழித்தால் யார் சாவார்? கதவுக்கு ஒரு பூட்டு, ஒரு முத்திரை, ஒரு போலீஸ்காரர். அவ்வளவுதானே? கிடங்கு முழுவதையும் முடக்கத் தெரிந்தவர்களுக்கு ஓர் அறைக்குப் பூட்டுப் போடத் தெரியாதா?

வாதிபிரதிவாதி எழுதியது:

இதே வாதத்தைத்தான் நிறுவனமும் வைத்தது. குளிர்கிடங்கில் இருப்பதால் அவசரம் இல்லை, அவசரம் இல்லையென்றால் முன்விசாரணைக்கு நேரம் உண்டு என்று. விசாரணை வேண்டுமா வேண்டாமா என்பது சட்டம் இயற்றும் மன்றத்தின் தீர்மானத்துக்கு உரியது என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. என் பார்வையில் தீர்ப்பின் மிகப் பலவீனமான இடம் இதுதான். அவசரத்தைக் காரணம் காட்டி அதிகாரம் கொடுத்துவிட்டு, அவசரம் உண்டா என்று பார்க்க மறுப்பது.

ஆய்வகப்பூனை எழுதியது:

உணவு நுண்ணுயிரியல் என் துறை. குறுக்கே வருகிறேன்.

உறைந்த கோழி கெட்டதா இல்லையா என்று மூக்கால் சொல்வது கடினம். உறைநிலையில் வாடை கிளம்பாது. உறைவதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தால், உருகிய பிறகுதான் தெரியும். அப்போது வேகமாகவும் கெடும். அந்தக் காலத்தில் கோழியைக் குடல் எடுக்காமலே கிடங்கில் போடும் வழக்கம் பரவலாக இருந்தது. குடல் எடுத்தது நல்லதா எடுக்காதது நல்லதா என்று பெரிய சண்டையே நடந்தது.

அந்தச் சண்டையில் ஆய்வக எண்களோடு நுழைந்தவர் மேரி எங்கிள் பென்னிங்டன். 1895இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய வேதியியலாளர். வேளாண் துறையின் வேதியியல் அலுவலகத் தலைவர் ஹார்வி வைலி அவரை அரசு வேலைக்குத் தேர்வு எழுதச் சொன்னார். பெண் என்று தெரிந்தால் தட்டிவிடுவார்கள் என்று எம். இ. பென்னிங்டன் என்ற பெயரிலேயே விண்ணப்பம் போனது. 1908இல் பிலடெல்பியாவில் உணவு ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவரானார். கோழியை அறுத்த உடனே குளிரவைத்து, தட்டில் விழும்வரை அந்தக் குளிர்ச் சங்கிலி அறாமல் வைத்தால் கெடுவது பெருமளவு தள்ளிப்போகும் என்று காட்டியவர் அவர். முட்டையும் அவர் துறைதான்.

சொல்ல வருவது இது: 1906இல் அந்த ஆய்வாளர் பீப்பாயைத் திறந்து கெட்டது என்று சொன்னபோது அவர் கையில் இருந்த கருவி மூக்கும் கண்ணும் அனுபவமும்தான். அவை பல நேரம் சரியாகவே சொல்லும். பச்சையாகிப்போன கோழிக்கு ஆய்வக அறிக்கை தேவையில்லை. நடுவில் தொங்கும் சரக்கில்தான் சிக்கல்.

பழம்பேரேடு எழுதியது:

நன்றி பூனை. இதை எதிர்பார்க்கவே இல்லை.

இப்போது இன்னொரு பக்கத்தை வைக்கிறேன். சிகாகோவில் நடந்தது நகராட்சி விதிப்படி. கூட்டரசின் 1906 தூய உணவு, மருந்துச் சட்டம் 1907 ஜனவரி 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. அந்தச் சட்டம் பறிமுதலுக்கு வேறு பாதை போட்டது. அதன் 10ஆவது பிரிவின்படி ஆய்வாளர் நேராக அழிக்க முடியாது. அரசு வழக்கறிஞர் மாவட்ட நீதிமன்றத்தில் சரக்கின் மேல் வழக்குப் போடுவார். நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியான மார்ஷல் போய்ச் சரக்கைப் பிடித்து வைப்பார். உடைமைக்காரர் வந்து வாதாடலாம், ஜூரி வேண்டும் என்று கேட்கலாம். கெட்டது என்று தீர்ப்பானால் அழிப்பார்கள், அல்லது சட்டத்துக்கு உட்பட்டு விற்றுப் பணத்தைக் கருவூலத்தில் சேர்ப்பார்கள். செலவைக் கட்டி, சட்டத்துக்கு மாறாக விற்க மாட்டேன் என்று ஜாமீன் பத்திரம் எழுதிக்கொடுத்தால் திருப்பியும் வாங்கிக்கொள்ளலாம். கடலில் கப்பலைப் பிடித்து வைத்து வழக்கு நடத்தும் முறையை அப்படியே கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அதனால் பிரதிவாதி இடத்தில் ஆள் பெயர் இராது. ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் இத்தனை மூட்டை மாவு’ என்று இருக்கும்.

மிச்சிகன்கரை எழுதியது:

ஹாஹா, இதில் எனக்குப் பிடித்தது ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் நாற்பது பீப்பாய், இருபது சிறு பீப்பாய் கோகோ கோலா’. 1909இல் டென்னசி மாநிலம் சட்டனூகாவில் பிடித்தது. கஃபீன் கூடாத சேர்க்கை என்று வைலி கட்சி. 1916இல்தான் உச்ச நீதிமன்றம் வந்தது. அங்கே கெட்டுப்போனது எதுவும் இல்லை, அதனால் இந்த இழைக்கு வெளியே. சும்மா சொன்னேன்.

நான் இருப்பது சிகாகோதான். பழைய இறைச்சிக்கூடப் பகுதியில் இப்போது ஒரு கல் வாசல் மட்டும் நிற்கிறது.

வாதிபிரதிவாதி எழுதியது:

பழம்பேரேடு சொன்ன 10ஆவது பிரிவுக்கு முதல் பெரிய சோதனை ஹிப்போலைட் முட்டை நிறுவன வழக்கு. 1911 மார்ச்.

செயின்ட் லூயிஸிலிருந்து இல்லினாய் மாநிலம் பியோரியாவில் ஒரு பேக்கரிக்கு 50 டப்பா பதப்படுத்திய முட்டை போகிறது. ஓடு நீக்கி, கலக்கி, டப்பாவில் அடைத்த முட்டை. அனுப்புவதற்கு முன்பு ஏறத்தாழ ஐந்து மாதம் செயின்ட் லூயிஸில் கிடங்கில் கிடந்திருக்கிறது. கெடாமல் இருக்க ஏறக்குறைய 2 சதவீதம் போரிக் அமிலம். பேக்கரிக்காரர் அதை விற்க வாங்கவில்லை, கேக் ரொட்டி சுட வாங்கினார். சரக்கறையில் மற்றப் பொருட்களோடு வைத்துவிட்டார். அப்புறம்தான் பறிமுதல்.

நிறுவனத்தின் வாதம் கெட்டிக்காரத்தனமானது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் வணிகத்தில்தான் கூட்டரசுக்கு அதிகாரம். பயணம் முடிந்து, சரக்கு வாங்கியவரின் அறையில் உட்கார்ந்துவிட்டது. இனி அது இல்லினாய் மாநிலத்தின் விவகாரம், உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். நீதிபதி மெக்கென்னா ஒப்புக்கொள்ளவில்லை. இவை வணிகத்திலிருந்தே விலக்கப்பட்ட பொருட்கள், எங்கே கண்டாலும் பிடிக்கலாம் என்றார். இடையில் வந்து உரிமை கொண்டாடிய முட்டை நிறுவனத்தின் தலையில் வழக்குச் செலவையும் கட்டினார்.

ஆளைத் தண்டிப்பதைவிடப் பொருளைப் பிடிப்பதில் ஏன் இவ்வளவு ஆர்வம் என்று கேட்டால், அபராதத்தைப் பாருங்கள். மாநில எல்லை தாண்டி அனுப்பிய முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 200 டாலர். பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு நாள் வண்டிக்கூலி. ஆனால் ஒரு ரயில்பெட்டிச் சரக்கே போய்விட்டால்? அந்தச் சட்டத்தின் உண்மையான பல் 10ஆவது பிரிவுதான்.

குறுக்குச்சால் எழுதியது:

ஹிப்போலைட்டில் முட்டை கெட்டதா? போரிக் அமிலம் சேர்த்ததுதானே குற்றம்?

ஆய்வகப்பூனை எழுதியது:

நல்ல கேள்வி. சட்டப்படி குற்றம் போரிக் அமிலம். உடல்நலத்துக்குத் தீங்கான சேர்க்கை என்று. ஆனால் அந்தக் காலத்தில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. வைலியின் கவலையே, பதப்படுத்தும் ரசாயனம் மோசமான மூலப்பொருளை மறைக்கிறது என்பதுதான். 1902இல் அவர் 12 இளைஞர்களைச் சேர்த்து, அவர்கள் சாப்பாட்டில் போராக்ஸ் கலந்து கொடுத்து விளைவைக் குறித்தார். பத்திரிகைகள் அவர்களுக்கு நஞ்சுப் படை என்று பெயர் வைத்தன. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான எதிர்க்குழுவும் அதில் இல்லை, அறிவியலாக அதன் எடை குறைவு என்பது என் கருத்து. ஆனால் மக்கள் மனத்தைத் திருப்பியது அதுதான்.

கெட்டுப்போன பொருளுக்குத் தனிப் பிரிவே சட்டத்தில் உண்டு. 7ஆவது பிரிவில், உணவுக்கான கலப்பட வரையறைகளில் ஆறாவது: அசுத்தமான, சிதைந்த, அழுகிய விலங்குப் பொருளோ தாவரப் பொருளோ முழுதாகவோ பகுதியாகவோ இருந்தால் அது கலப்படம். நோயுற்ற விலங்கு, அறுக்காமல் தானாகச் செத்த விலங்கு இவற்றின் இறைச்சியும் அதே. தின்றால் நோய் வரும் என்று நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்தப் பிரிவில் கிடையாது, கவனியுங்கள். அழுகியது என்றால் போதும்.

இங்கேதான் தக்காளி கெச்சப் வருகிறது. டப்பாத் தொழிற்சாலையில் தேறாத தக்காளி, தோல், காம்புப் பக்கம், பூஞ்சை பிடித்தது எல்லாம் கொதிகலனில் போய், மசாலாவும் வினிகரும் சர்க்கரையும் சேர்ந்து, கெடாமல் இருக்க சோடியம் பென்சோயேட் என்ற ரசாயனமும் போட்டு பாட்டிலில் வந்தால், எந்த மூக்கு கண்டுபிடிக்கும்? கொதித்ததால் கிருமியும் பெரும்பாலும் செத்திருக்கும். இதற்கு வேதியியல் அலுவலகத்தின் நுண்ணோக்கி நிபுணர் பர்ட்டன் ஹோவர்டு ஒரு வழி கண்டார். பூஞ்சை செத்தாலும் அதன் இழை கெச்சப்பில் கிடக்கும். நுண்ணோக்கியில் இத்தனை பார்வைப்புலத்தில் எத்தனையில் இழை தெரிகிறது என்று எண்ணுவது. உள்ளே போன தக்காளி எவ்வளவு அழுகியது என்பதை அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். ஹோவர்டு பூஞ்சை எண்ணிக்கை என்று பின்னாளில் பாடமாகவே வைத்தார்கள். நானும் மாணவப் பருவத்தில் கண் எரிய எண்ணியிருக்கிறேன்.

ஹைன்ஸ் நிறுவனம் பென்சோயேட் இல்லாமல் கெச்சப் செய்து காட்டி வைலி பக்கம் நின்றது. நல்ல தக்காளி, கூடுதல் வினிகர், கூடுதல் சர்க்கரை. வியாபாரக் கணக்கும் அதில் இருந்திருக்கும், இருக்கட்டும்.

ஐஸ்பெட்டி எழுதியது:

இதைக் கேட்க நன்றாக இருக்கிறது. எண்ணிக்கை இருந்தால் சண்டை போடலாம். என் மூக்கு ஒன்று சொல்லும், அதிகாரி மூக்கு ஒன்று சொல்லும். அதில் யார் மூக்குக்கு அரசாங்க முத்திரை இருக்கிறதோ அது ஜெயிக்கும்.

ஒரு சந்தேகம். பிடித்த அழுகல் முட்டையை எல்லாம் என்ன செய்வார்கள்?

ஆய்வகப்பூனை எழுதியது:

அதற்கும் சந்தை இருந்தது அண்ணா. தோல் பதனிடுவதற்கு முட்டை மஞ்சள் கரு வேண்டும். அதனால் பிடிபட்டவர்களுக்கு ‘இது உணவுக்கு அல்ல, தோல் ஷாப்புக்கு’ என்று சொல்லும் வசதி இருந்தது. உண்மையாகவே தோலுக்குப் போனதும் உண்டு. பேக்கரிக்குப் போனதும் உண்டு. உணவாகப் பயன்படுத்த முடியாதபடி ஏதாவது கலந்து கெடுத்த பிறகு விடுவிப்பது என்ற ஏற்பாட்டுக்கு இதுதான் காரணம். நம்ம ஊர் பினாயிலுக்கும் அதே தர்க்கம்தான். கொட்டிய இடத்திலிருந்து யாரும் பொறுக்கிக்கொண்டு போய் விற்கக் கூடாது.

யாழ்க்காற்று எழுதியது:

வணக்கம். கொஞ்சம் பிந்தி வாறன், மன்னிக்கவும்.

சிகாகோ முறைக்கும் கூட்டரசு முறைக்கும் நடுவில் ஒன்று இருந்தது, அதை ஒருவரும் சொல்லவில்லை. இங்கிலாந்தின் 1875 பொதுச் சுகாதாரச் சட்டம், 116, 117ஆம் பிரிவுகள். சுகாதார மருத்துவ அதிகாரியோ தொல்லைப் பரிசோதகரோ விற்பனைக்கு வைத்த இறைச்சி, கோழி, மீன், பழம், மரக்கறி, பாண், மா, பால் ஆகியவற்றைப் பார்வையிடலாம். உணவுக்கு உதவாது என்று கண்டால் அள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் அழிக்க முடியாது. நீதவானிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் பார்த்துக் கழிவு என்று சொன்ன பிறகுதான் அழிப்பு. ஒவ்வொரு துண்டு இறைச்சிக்கும் 20 பவுண் வரை தண்டம், அல்லது மூன்று மாதம் வரை சிறை. பொருட்பட்டியலில் முட்டையும் வெண்ணெயும் இல்லாமல் போனது ஒரு ஓட்டை. 1890 திருத்தம்தான் எல்லா உணவுப் பொருளுக்கும் விரிக்க வழி செய்தது.

நீதவான் என்ன நுண்ணோக்கியா வைத்திருந்தார்? அவருக்கும் மூக்குத்தான். ஆனால் இரண்டாவது மூக்கு. அதுவும் பிடித்த ஆளின் மூக்கு இல்லை. எங்கட பக்கம் இன்றைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பிடித்ததை நீதவான் முன் கொண்டுபோவது வழமை. நேரம் எடுக்கும், சில வேளை நாறவும் நாறும்; ஆனால் கடைக்காரருக்கு ஒரு கதவு திறந்திருக்கும்.

குறுக்குச்சால் எழுதியது:

இது நல்ல நடுவழி. ஆனால் நாளுக்கு எத்தனை பேர் அழுகிய மாட்டுக்காலைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போவார்கள்? சிகாகோ அளவுள்ள ஊரில் நடக்கிற காரியமா?

யாழ்க்காற்று எழுதியது:

லண்டன் சிகாகோவை விடச் சிறிய ஊரில்லையே ஐயா.

பழம்பேரேடு எழுதியது:

யாழ்க்காற்று, இந்தத் தகவல் எனக்குப் புதிது. நீதிபதிக்கு முன்னால் கொண்டுபோவதும் ‘முன்விசாரணை’ என்ற பெயருக்குள் வரலாம், அதற்கு மாதக்கணக்காக வழக்கு நடக்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. 1908 தீர்ப்பில் இரண்டே வழிதான் எதிரெதிரே வைக்கப்பட்டன: முழு விசாரணை, அல்லது உடனடி அழிப்பு.

நம் நாட்டு நிலையை வக்கீல் நண்பர் சொன்னால் நன்றாக இருக்கும்.

வாதிபிரதிவாதி எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் இழை திசைமாறிவிடும்.

1860 இந்திய தண்டனைச் சட்டத்திலேயே, 273ஆம் பிரிவு, தின்னத் தகாததை உணவாக விற்பது குற்றமாக இருந்தது (அந்தச் சட்டம் 2024 ஜூன் வரை நடப்பில் இருந்தது). ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சென்னை மாகாணம் 1918இல் தனிக் கலப்படத் தடுப்புச் சட்டம் போட்டது. நாடு முழுவதற்குமான சட்டம் 1954. இப்போது நடப்பில் இருப்பது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம்.

இன்றைய சட்டத்தில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் கைப்பற்றலாம். மனிதர் உண்ணத் தகாததை எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்துவிட்டு அழிக்கச் செய்யலாம். ஐஸ்பெட்டி அண்ணன் கவனிக்க வேண்டியது 39ஆவது பிரிவு. நியாயமான காரணம் இல்லாமல், தொல்லை கொடுக்கவென்றே கைப்பற்றினால் அலுவலருக்கே ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம். அதே பிரிவில், பொய்ப் புகார் என்று தெரிந்தால் புகார் கொடுத்தவருக்கும் உண்டு, 50,000 ரூபாய்க்குக் குறையாமல். பெக்காம் ‘சொந்தப் பொறுப்பில் அழிக்கிறார்’ என்று விட்டதை இங்கே சட்டமாகவே எழுதிவிட்டார்கள்.

ஐஸ்பெட்டி எழுதியது:

நல்ல சட்டம். இதைச் சொல்லிக்கொண்டு மறுநாள் அதே அதிகாரி வரும் மார்க்கெட்டில் கடை போட முடியுமா என்று யாராவது சொல்லுங்கள்.

அறிவிப்புக் கொடுப்பது என்றால் என்ன? கையில் தாளைத் திணித்துவிட்டு அடுத்த நிமிடம் ஊற்றினால் அதுவும் அறிவிப்புதானா?

வாதிபிரதிவாதி எழுதியது:

சட்டத்தின் எழுத்துப்படி அதையும் அறிவிப்பு என்று வாதிடுவார்கள் அண்ணா. மறைக்க மாட்டேன்.

மிச்சிகன்கரை எழுதியது:

இங்கே 1908 தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா, தள்ளிவிட்டார்களா?

பழம்பேரேடு எழுதியது:

உயிரோடுதான் இருக்கிறது. 1938இல் பழைய சட்டம் போய்ப் புதிய உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டம் வந்தது. சரக்கின் மேல் வழக்குப் போட்டுப் பிடிக்கும் முறையை அதுவும் தொடர்ந்தது. 1950இல் மைட்டிங்கர் அண்ட் கேசல்பெரி என்ற ஊட்டச்சத்து மாத்திரை விற்ற நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் நின்றது. 1948 செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் அவர்கள் சரக்கின் மேல் 11 பறிமுதல். மாத்திரை கெடவில்லை, நஞ்சும் இல்லை. அதோடு வந்த விளம்பரப் புத்தகம் நுகர்வோரை ஏமாற்றுகிறது என்பதுதான் குற்றச்சாட்டு. முன்விசாரணை வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்ற நீதிமன்றம், துணைக்கு அழைத்தது சிகாகோ கோழி வழக்கை.

அழுகிய கோழிக்குச் சொன்ன தர்க்கம் நாற்பது வருடத்தில் விளம்பரப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. கோழி வழக்கில் ஓரளவு நகராட்சி பக்கம் சாய்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும், இந்த இடத்தில் என்னால் கூட வர முடியவில்லை.

குறுக்குச்சால் எழுதியது:

நானும் இதில் வரமாட்டேன். ஒரு புத்தகம் பொய் சொல்கிறதா என்று பார்க்க அவசரம் என்ன வேண்டிக்கிடக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம்: 1950இல் யாரும் சரக்கை அழித்துவிடவில்லையே. பிடித்து வைத்தார்கள், வழக்கு நடக்கும், ஜெயித்தால் திரும்பக் கிடைக்கும். கோழிக்கு அது இல்லை.

ஆய்வகப்பூனை எழுதியது:

தொடக்கக் கேள்விக்கு வருகிறேன். அழித்த பிறகு எப்படி நிரூபிப்பது? ஒரே வழி, அழிப்பதற்கு முன் மாதிரி எடுத்து வைப்பது. 1938 சட்டத்தில் இது எழுதப்பட்டிருக்கிறது: அரசு மாதிரி எடுத்தால், உடைமைக்காரர் கேட்டால் அதில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும், அவர் தானே சோதித்துக்கொள்ளலாம். நம் 2006 சட்டத்தில் மாதிரியை நான்காகப் பிரிக்கிறார்கள். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம், நான்காவது வியாபாரி கேட்டால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு.

கெடும் பொருளில் சிக்கல் என்னவென்றால் மாதிரியும் கெடும். காலையில் எடுத்த மீன் மாதிரி வெயிலில் சுற்றி மாலையில் ஆய்வகம் வந்தால், அது காலை மீனைப் பற்றி எதுவும் சொல்லாது. ஐஸிலோ உறைநிலையிலோ முத்திரையோடு வர வேண்டும். குளிர்கிடங்கில் இதைச் செய்வது எளிது. சிகாகோவில் 47 பீப்பாயிலிருந்து இரண்டு கோழியை முத்திரை போட்டு உறைய வைத்திருந்தால் பின்வழக்குக்கு உயிர் இருந்திருக்கும்.

ஐஸ்பெட்டி எழுதியது:

அப்போ அடுத்த தடவை ஊற்றுவதற்கு முன்னால் ‘நாலாவது பங்கு என் செலவில் ஆய்வகத்துக்கு’ என்று எழுதிக் கேட்டால் கொடுத்தாக வேண்டுமா? வக்கீல் சார், அந்தப் பிரிவு எண்ணை இங்கே போடுங்கள். சங்கத்தில் அச்சடித்து எல்லாக் கடையிலும் ஒட்டச் சொல்கிறேன்.

வாதிபிரதிவாதி எழுதியது:

47ஆவது பிரிவு. மாதிரி எடுத்தால்தான் அது பொருந்தும் அண்ணா. எடுக்காமலே நேராக அழிக்கிறேன் என்றால், மாதிரி எடுக்கச் சொல்லி அந்த இடத்திலேயே எழுத்தில் கேளுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் மறுத்தார் என்று இரண்டு சாட்சியோடு குறித்து வையுங்கள். ஐஸ் பெட்டியும் சீல் வைக்க அரக்கும் தயாராக இருக்கட்டும்.